கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்: அறிவியல் படிக்காதவர் அறிவியல் பத்தியை வாசிக்கும் வழி

நான் பி.காம். படித்தவன். பத்தாம் வகுப்போடு அறிவியல் புத்தகம் கைவிட்டுப் போய்விட்டது. வீடு கம்பத்தில், வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுவது, காலையில் மலையேறிச் சாயங்காலம் இறங்குவேன். என் அத்தை வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், இப்போதும் மகனோடு அதே லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், இருக்கிறார். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடி 70 பேர் போனார்களே, அதற்கு அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அத்தையின் தோட்டத்தில் நிலச்சரிவு பற்றி ஒரு கூட்டம் போட்டு வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது. அத்தை அதை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருந்து, நான் போனபோது எடுத்து நீட்டினார்.

"படிச்ச புள்ளதானே, இதுல என்னப்பா சொல்லியிருக்கு? நம்ம வீட்டுக்குப் பின்னாடி மேடு இருக்கே, அது வருமா வராதா?"

படித்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது, பொருள் மட்டும் பிடிபடவில்லை. "பாத்துச் சொல்றேன் அத்தை" என்று தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு பத்தியோடு நான் மல்லுக்கட்டிய நாட்களில் கற்றுக்கொண்டதையும், அப்புறம் வேறு பத்திகளில் போட்டுப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். கேரள பி.எஸ்.சி. தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ தயாராகிற தம்பி தங்கைகளுக்கும், மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்கும், பேப்பரில் வரும் அறிவியல் கட்டுரையைப் பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நமக்கு அறிவியல் வராது என்ற எண்ணத்தோடு உட்காராதீர்கள், அது பொய். எங்கள் ஊரில் ஜூன் மாதம் தொடங்கினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள், முல்லைப் பெரியாறு அணை இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை, 142 அடிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று மனப்பாடமாகச் சொல்வார். அடி என்பது மட்டம், வரத்தில் சொல்லும் கன அடி என்பது ஒரு வினாடிக்கு ஓடும் அளவு, டி.எம்.சி. என்பது சேர்ந்து நிற்கும் மொத்தம் என்ற மூன்றையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஓட்டத்துக்கும் இருப்புக்கும் உள்ள வேறுபாடு இயற்பியலில் எத்தனையோ இடத்தில் வருகிற ஒன்று. மின்சாரப் பாடத்தில் மின்னோட்டமும் மின்னூட்டமும் கிட்டத்தட்ட இதே ஜோடிதான். 1 டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வந்தால் அது சேர 10 லட்சம் வினாடி, அதாவது பதினொன்றரை நாள் ஆகும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடிகிறவருக்கு அறிவியல் பத்தி புரியாமல் போக வழியில்லை. பத்திக்குள் நுழையும் வாசல் எது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அத்தையின் தாளில் இருந்த முக்கியமான வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தொடர் கனமழையின்போது மண்ணுள் ஊடுருவும் நீர், கீழுள்ள பாறையின் ஊடுருவவிடா மேற்பரப்பின்மேல் தேங்கி நுண்துளை நீரழுத்தத்தை உயர்த்துவதால், மண் துகள்களுக்கிடையே உள்ள பயனுறு தகைவு குறைந்து, சரிவின் வெட்டு வலிமை வெட்டுத் தகைவைவிடத் தாழும்போது நிலச்சரிவு நிகழ்கிறது."

ஒரே வாக்கியம்! முதல் தடவை நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். இடமிருந்து படித்துக்கொண்டே வந்து 'நுண்துளை நீரழுத்தம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பொருள் தேடினேன், கிடைத்த விளக்கத்தில் இன்னும் மூன்று தெரியாத சொல் இருந்தது, அதற்குள் வாக்கியத்தின் தொடக்கமே மறந்துவிட்டது. தெரியாத சொல்லைக் கண்டதும் நின்று அகராதி தேடுவதைப் போல வாசிப்பைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

இனி சரியான வழி.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குப் போங்கள்

தமிழில் முற்றுவினை கடைசியில் நிற்கும். அதனால் அறிவியல் எழுதுகிறவர்கள் எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் வாக்கியத்தின் முடிச்சு கடைசியில்தான் இருக்கும். அங்கே விரலை வைத்து, பின்னோக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

நிகழ்கிறது. எது? நிலச்சரிவு. எப்போது? ஒன்று இன்னொன்றைவிடத் தாழும்போது. எது எதைவிட? வெட்டு வலிமை, வெட்டுத் தகைவைவிட. இரண்டும் என்னவென்று இன்னும் தெரியாது, பரவாயில்லை, இரண்டு பேர் கயிறிழுக்கிறார்கள், வலிமை என்பவர் தோற்றால் மலை இறங்குகிறது, அவ்வளவு தெரிந்துவிட்டது. வலிமை ஏன் தாழ்கிறது? பயனுறு தகைவு என்ற ஒன்று குறைந்ததால். அது ஏன் குறைந்தது? நீரழுத்தம் உயர்ந்ததால். நீரழுத்தம் ஏன் உயர்ந்தது? நீர் தேங்கியதால். எங்கே தேங்கியது? பாறையின் மேல், ஏனென்றால் பாறை உள்ளே விடாது. நீர் எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து, மண் வழியாக.

ஒரு காகிதத்தில் இதைக் கீழிருந்து மேலாக எழுதி அம்புக்குறி போடுங்கள். மழை, ஊடுருவல், தேக்கம், அழுத்தம் கூடுதல், தகைவு குறைதல், வலிமை குறைதல், சரிவு. ஏழு படி. ஒரு கலைச்சொல்லுக்குக்கூட அகராதி பார்க்காமல் வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுதும் கையில் வந்துவிட்டது. எனக்கு இது நடந்தபோது இரவு பத்தரை மணி, கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த அம்புகளைப் போட்டேன், அந்தப் பக்கத்தை இன்னும் கிழித்து வைத்திருக்கிறேன்.

இது எப்படி முடிகிறது? வேற்றுமை உருபுகளால். பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்தோமே, அவைதான் நம் கையில் இருக்கும் டார்ச். பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தை நானே கட்டித் தருகிறேன்: "டிமுகன் பல்லோரைகளைச் சிவுண்டத்தால் பிரித்துக் கொமுறையில் சேர்த்தது." இந்தப் பெயர்களில் ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. ஆனாலும் யார் செய்தது, எதைச் செய்தது, எந்தக் கருவியால், கொண்டுபோய் எங்கே வைத்தது என்று நான்கு கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள். "சிறுநீரகம் யூரியாவை இரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரில் சேர்க்கிறது" என்பதும் இதே அச்சுதான். யூரியா என்றால் என்ன என்பது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது அழுக்கோ சத்தோ, இரத்தத்திலிருந்து வெளியே போகிறது என்பது உறுதி.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை: 'கண்டறியப்பட்டது', 'அமைக்கப்படுகிறது', 'கருதப்படுகிறது' என்று வந்தால் செய்தவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். யார் கண்டறிந்தது, எப்படி, யார் அப்படிக் கருதுகிறார்கள் என்று ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு நகருங்கள், விடை பெரும்பாலும் அடுத்த பத்தியில் இருக்கும், இல்லையென்றால் அந்தப் பத்தியே கொஞ்சம் பலவீனமானது.

இப்போதுதான் சொற்கள்

எலும்புக்கூடு கிடைத்த பிறகு எந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தே ஆக வேண்டும் என்று நமக்கே தெரிந்துவிடும். அந்த வாக்கியத்தில் பத்துப் பெரிய சொல் இருந்தாலும் நான் தேடியது மூன்றுதான்: நுண்துளை நீரழுத்தம், தகைவு, வெட்டு வலிமை.

தமிழ்க் கலைச்சொற்களில் நமக்கு ஒரு சலுகை உண்டு. பிரித்தால் பல சொற்கள் தாமே பேசும். ஒளிச்சேர்க்கை என்றால் ஒளியைக் கொண்டு சேர்ப்பது. சவ்வூடு பரவல் என்றால் சவ்வின் ஊடாகப் பரவுவது. நுண்துளை நீரழுத்தம் என்றால் நுண்ணிய துளைகளில் உள்ள நீரின் அழுத்தம், மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள்தான் அந்தத் துளை. ஆகவே அகராதிக்குப் போகும் முன் சொல்லைக் கையாலேயே பிட்டுப் பாருங்கள்.

சில சொற்கள் பேசினாலும் தவறாகப் பேசும். 'வெட்டு' என்றதும் எனக்கு அரிவாள்தான் ஞாபகம் வந்தது. இங்கே அதற்கு அர்த்தம் வேறு: ஒரு அடுக்கை இன்னொரு அடுக்கின்மேல் பக்கவாட்டில் நழுவவைக்கும் விசை. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து மேல்பக்கத்தை லேசாகத் தள்ளினால் ஒவ்வொரு சீட்டும் அடுத்ததன்மேல் சறுக்குகிறதே, அதுதான். அப்படி நழுவாமல் தாங்கி நிற்கும் பலம்தான் வெட்டு வலிமை. வேறு சில தமிழ்ப் புத்தகங்களில் இதே விஷயம் 'சறுக்குப்பெயர்ச்சி' என்று வருவதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரே கருத்துக்குத் தமிழில் இரண்டு மூன்று சொல் ஓடுகிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது வரமாகத்தான் படுகிறது, ஒரு சொல் மூடியதை இன்னொன்று திறந்துவிடுகிறது. தகைவைத் தகைப்பு என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரு பரப்பின்மேல் சதுர அளவுக்கு எவ்வளவு விசை விழுகிறது என்பதுதான் இரண்டும்.

மிக ஆபத்தானவை நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். வேலை, ஆற்றல், திறன், எடை, விசை. குமுளியில் சுமைதூக்கும் அண்ணன் ஒருவர் 50 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துச் சமதளத்தில் ஒரே சீராக நூறு அடி நடந்தால், மூட்டையைத் தாங்கும் அவருடைய மேல்நோக்கிய விசை செய்த வேலை பூஜ்யம் என்று இயற்பியல் சொல்லும். வேர்த்துக்கொட்டும் மனிதரிடம் அதைச் சொல்ல முடியுமா? ஆனால் அங்கே 'வேலை' என்பது விசை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் பொருள் எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு மட்டுமே, களைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. தெரியாத சொல் நம்மை நிறுத்தும், தெரிந்த சொல் நிறுத்தாமலே தப்பான பாதையில் கூட்டிப்போய்விடும். அதனால் பத்தியில் சாதாரணச் சொல் ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

எல்லைப்பகுதிக்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, மலையாளம். நம் பிள்ளைகள் பாதிப் பேர் கேரளப் பக்கம் அழுத்தம் என்பதை மர்த்தம் என்றும் ஆற்றலை ஊர்ஜம் என்றும் கேட்டு வளர்கிறார்கள். நாம் நிலச்சரிவு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை மலையாளிகள் மண்ணிடிச்சில் என்றும் உருள்பொட்டல் என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ரோட்டோர மண் இடிந்து விழுவது வேறு, கல்லும் மரமும் சேறும் தண்ணீருமாக மேலிருந்து ஓடை வழியே உருண்டு பாய்வது வேறு. புவியியலாளர்களும் இவற்றை வேறு வேறு வகையாகத்தான் வைக்கிறார்கள். பெட்டிமுடியில் நடந்தது இரண்டாவது வகை. அத்தையின் பேச்சில் 'உருள்பொட்டல்' என்ற சொல் சர்வசாதாரணமாக வரும். தாளில் நிலச்சரிவு என்று பொதுவாகப் போட்டிருந்ததைவிட அவர் சொல் துல்லியம். உங்கள் வட்டார வழக்கில் இருக்கும் சொல்லைத் தாழ்வாக நினைக்காமல் பத்தியோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

படிக்கும் முன் உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்

இதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். நிலச்சரிவு ஏன் வருகிறது என்று அந்தத் தாளைப் படிக்கும் முன்பே எனக்கு ஒரு பதில் இருந்தது: தண்ணீர் குடித்து மண் கனத்துப்போய்க் கீழே வருகிறது. அந்த எண்ணத்தோடு படித்ததால் 'அழுத்தம் உயர்கிறது' என்ற இடத்தில், கனம் கீழே அழுத்துகிறது என்று நானே மாற்றிப் படித்துக்கொண்டேன். பத்தி சொன்னது கிட்டத்தட்ட எதிர்த்திசை. மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் உராய்வு இருக்கிறது, உராய்வு இருப்பதால்தான் சரிவில் மண் நிற்கிறது. இடுக்குகளில் நிரம்பிய நீர் அந்தத் துகள்களை விலக்கித் தள்ளி, மேலே இருக்கும் மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது, அதனால் துகளுக்குத் துகள் உள்ள பிடி தளர்கிறது. அந்தப் பிடியைத் தருகிற அழுத்தத்துக்குத்தான் பயனுறு தகைவு என்று பெயர். நீரின் கனமும் ஒரு காரணம்தான், ஆனால் வாக்கியம் பேசியது பிடி தளர்வதைப் பற்றி.

அதனால் தலைப்பைப் பார்த்தவுடன், பத்திக்குள் போகாமல், இதைப் பற்றி நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். படித்து முடித்ததும் அந்த வரியோடு பத்தியை உரசிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கேதான் நீங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

உவமை தேடுங்கள், அது உடையும் இடத்தையும் தேடுங்கள்

எங்கள் கடையில் கனமான மூட்டையைச் சிமெண்ட் தரையில் இழுக்கும்போது ஒருவர் மேலே காதைப் பிடித்து லேசாகத் தூக்கிக் கொடுத்தால் போதும், சட்டென்று நகரும். மூட்டையின் எடை குறையவில்லை, தரையை அது அழுத்துவது குறைந்தது, உராய்வு குறைந்தது. பயனுறு தகைவு குறைவது இதுதான் என்று தோன்றியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதோடு நிற்கக்கூடாது. மூட்டையை ஆள் மேலிருந்து தூக்குகிறார். நீரோ இடுக்குக்குள் இருந்து எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. மூட்டைக்கும் தரைக்கும் இடையே வேர் இல்லை. மலையில் மரவேரும் களிமண்ணின் பசைத்தன்மையும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்படி உவமை எங்கே பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினால்தான் உவமை நம்மை ஏமாற்றாமல் இருக்கும்.

இன்னொரு உதாரணம், எங்கள் தேனி மாவட்டத்திலேயே. போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்தில், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதையொட்டி எங்கள் பக்கம் எத்தனை பேச்சு, எத்தனை பயம், எத்தனை துண்டறிக்கை. அந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், ஏன் மலைக்கு அடியில் என்ற கேள்விக்கான வாக்கியத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது இப்படித்தான் இருக்கும்: "அண்டக்கதிர்கள் வளிமண்டல அணுக்கருக்களுடன் மோதுவதால் தோன்றும் பையான்கள் சிதைந்து மியூவான்களையும் நியூட்ரினோக்களையும் தருகின்றன, மியூவான்களைப் பாறை பெருமளவு தடுத்துவிடுவதால், நியூட்ரினோக்களைப் பிரித்தறிய உணர்கருவி நிலத்தடியில் அமைக்கப்படுகிறது."

கடைசியிலிருந்து வாருங்கள். கருவி அடியில் வைக்கப்படுகிறது. எதற்கு? நியூட்ரினோவைப் பிரித்தறிய. எதிலிருந்து பிரிக்க? மியூவானிலிருந்து. எது பிரிக்கிறது? பாறை. அப்படியென்றால் மலை ஒரு சல்லடை! ஏலக்காயை 8 மில்லிச் சல்லடையில் போட்டால் பெரிது மேலே நிற்கும், சிறிது கீழே விழும், அதே வேலையைத்தான் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை அங்கே செய்ய வேண்டும் என்று திட்டமிட்டார்கள். சரி, இந்த உவமை எங்கே உடைகிறது? சல்லடை பிரிப்பது உருவத்தின் அளவை வைத்து. பாறை அப்படிப் பிரிப்பதில்லை. மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு, போகிற வழியில் அணுக்களின் எலக்ட்ரான்களைத் தட்டித் தட்டி ஆற்றலை இழந்து நின்றுவிடுகிறது. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை, கிட்டத்தட்ட எதோடும் உறவாடாமல் மலையையும் பூமியையும் ஊடுருவிப் போய்விடுகிறது. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் மட்டும் நம் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக வினாடிக்குச் சுமார் 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன. பையான் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, அது தெரியாமலே வாக்கியம் புரிந்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்களை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்

எண் வந்தால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இப்போதெல்லாம் எண்ணில்தான் நிற்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள், அது 'எவ்வளவு' என்கிறதா, 'எவ்வளவு வேகமாக' என்கிறதா, 'எத்தனை பங்கு' என்கிறதா என்று முடிவுசெய்யுங்கள், அப்புறம் அதை உங்கள் வீட்டு அளவுக்கு மாற்றுங்கள்.

வானிலை மையம் 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதி கனமழை என்கிறது. 204 மில்லிமீட்டர் என்றால் இருபது சென்டிமீட்டர், ஒரு சாண் இருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலம் 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். பெருக்கிப் பாருங்கள், ஒரே ஒரு சென்ட்டில் 8,000 லிட்டருக்கு மேல், மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் எட்டு. ஒரு ஏக்கருக்கு எட்டு லட்சம் லிட்டர் தாண்டும். அத்தை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு எத்தனை ஏக்கர் என்று யோசித்தபோது 'ஊடுருவும் நீர்' என்ற இரண்டு சொல்லின் பாரம் எனக்கு உறைத்தது. கொஞ்சம் ஓடையில் ஓடிவிடும் என்றாலும் மிச்சம் உள்ளேதானே போகிறது.

வரைபடத்துக்கும் இதுதான். படுக்கைக்கோட்டில் என்ன, நிலைக்கோட்டில் என்ன, எந்த அலகு என்று மூன்றையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாள் மழையும் தனித்தனியாகப் போட்ட படமும் கூட்டிக்கொண்டே போன படமும் பார்க்க வேறு வேறாக இருக்கும், இரண்டாவது ஒருநாளும் இறங்காது.

அடுத்து, வாக்கியத்தின் வால். 'உண்டாக்குகிறது' என்பதும் 'உண்டாக்கக்கூடும்' என்பதும் 'தொடர்புடையது' என்பதும் 'காணப்படுகிறது' என்பதும் ஒன்று கிடையாது. "சாலைக்காக வெட்டப்பட்ட சரிவுகளில் நிலச்சரிவுகள் அதிகம் காணப்படுகின்றன" என்று இருந்தால் அது பார்த்த கணக்கு மட்டும்தான். சாலை வெட்டியதால் சரிந்திருக்கலாம், சாலையோரத்தில் நடந்தால் உடனே எல்லோர் கண்ணிலும் படுகிறது, காட்டுக்குள் நடந்தால் யாரும் பார்ப்பதில்லை என்பதாலும் கணக்கு ஏறியிருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். 'கூடும்' என்று எழுதியவரை மழுப்புகிறவர் என்று நினைக்காதீர்கள், கையில் எவ்வளவு ஆதாரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் பேசுகிற நேர்மை அது. அந்த வாலை வெட்டிவிட்டு அடுத்தவருக்கு வாட்சப்பில் அனுப்புவதுதான் தப்பு.

எதிலே தேடுவது? ஆங்கிலப் பத்தியாக இருந்தால் முழுசாகப் போனில் மொழிபெயர்க்க விடாதீர்கள், கலைச்சொற்களை அது பலவேளை சாதாரணச் சொல்லாக்கிவிடும். பெயர்ச்சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, வினைகளை மட்டும் நீங்களே தமிழாக்கி, உருபு ஒட்டிப் பாருங்கள், பாதிப் பாரம் இறங்கிவிடும். விளக்கத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கேரளத்திலும் தமிழ்வழிப் பாடப்புத்தகம் இருக்கிறது, இடுக்கியிலும் பாலக்காட்டிலும் நம் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். ஒரே பாடத்தை இரண்டு மாநிலப் புத்தகத்திலும் அடுத்தடுத்துப் படியுங்கள், ஒன்று விட்டதை இன்னொன்று சொல்லியிருக்கும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கமே வேண்டாம், நான் இப்போதும் திறக்கிறேன். ஒரே ராத்திரியில் முடிக்கவும் பார்க்காதீர்கள். ஒருநாள் எலும்புக்கூடு, மறுநாள் சொற்கள், இன்னொரு நாள் எண்கள் என்று விட்டு விட்டுப் படித்தால், நேற்று கல்லாக இருந்த வரி இன்று தானாக விட்டுக்கொடுக்கும்.

கடைசிச் சோதனை, பத்தியைப் பார்க்காமல் அறிவியல் தெரியாத ஒருவருக்குச் சொல்வது. கலைச்சொல் ஒன்றுகூட வராமல் சொல்ல வேண்டும். எங்கே திக்குகிறீர்களோ அங்கே உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய் அந்த வரியை மட்டும் படியுங்கள். கேட்கிறவர் குறுக்கே கேள்வி கேட்டால் அதைவிட நல்லது வேறில்லை.

நான் பத்து நாள் கழித்து அத்தையிடம் போய்ச் சொன்னேன். மழை மண்ணுக்குள் இறங்குது, அடியில பாறை விடாம நிறுத்துது, நிக்கிற தண்ணி மண்ணைத் தூக்கிக் கொடுக்குது, மூட்டையைத் தூக்கிக் கொடுத்தா நகருதே அதுபோல, மண்ணோட பிடி விட்டுப்போகுது, சரிவு தாங்காம இறங்குது என்றேன். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ மழை விட்டுட்டா பயமில்லையா? மறுநாளே வீட்டுக்கு வந்துடலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போனை எடுத்து அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். 'தேங்கி' என்று ஒரு சொல் இருந்தது. இத்தனை நாளும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன். பிடியைத் தளர்த்துவது பெய்கிற மழை இல்லை, உள்ளே தேங்கி நிற்கிற நீர், அது வடிய நேரமாகும், ஆகவே வானம் வெளுத்துவிட்டது என்பதற்காக மேடு உடனே பத்திரமாகிவிடாது. அதைச் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போன வருஷம் மழை முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு நம்ம மேட்டுக்கு அடியில புதுசா ஒரு ஊத்து கசிஞ்சுதுப்பா, கலங்கலா வந்துச்சு, சாமி கொடுத்த தண்ணின்னு கொடத்தை வச்சுப் புடிச்சோம்" என்றார்.

இருவரும் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் அந்த இடத்தைப் பார்த்தோம். காய்ந்துதான் இருந்தது, ஆனால் அதற்கு மேலே புல்லுக்குள் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மண் நீளமாகப் பிளந்திருந்தது. அத்தை மகன் அன்று சாயங்காலமே வார்டு மெம்பருக்குப் போன் போட்டு, ஊற்று எங்கே, எப்போது, மழை நின்று எத்தனை நாள் கழித்து, விரிசல் எத்தனை அடி நீளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.